நிர்வாகக் குழுவுக்குப் பெண்கள் பெயரே வருவதில்லை என்கிறார்கள்: விதியில் எதை மாற்றச் சொல்லிக் கேட்பது?

கேள்வி

வணக்கம். நான் கட்டுமானப் பொறியாளர். எங்கள் துறையின் தொழில்முறைச் சங்கத்தில் பல வருட உறுப்பினர். இந்தத் தடவை என்னை வேட்பாளர் தேர்வுக் குழுவில் போட்டிருக்கிறார்கள். அடுத்த நிர்வாகக் குழுவுக்கு வரும் மனுக்களைப் பார்த்து, யார் பெயரைத் தேர்தலுக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்யும் குழு அது. 5 பேரில் நான் ஒருத்திதான் பெண்.

சங்க உறுப்பினர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஆனால் 15 பேர் கொண்ட நிர்வாகக் குழுவில் இருப்பது ஒரே ஒரு பெண். அவருக்குக் கொடுத்திருக்கும் பொறுப்பு உறுப்பினர் நலனும் ஆண்டு விழாவும். நிதிக் குழுவிலும் தொழில்நுட்பக் குழுவிலும் இன்றுவரை பெண் யாரும் இருந்ததில்லை. அரசு கட்டட விதிகளைத் திருத்தும்போது எங்கள் சங்கத்திடம் கருத்துக் கேட்கும். அதை எழுதி அனுப்புவது தொழில்நுட்பக் குழு. பொதுக் கட்டடத்தில் கழிப்பறைகள் எத்தனை, படிகளின் உயரம் எவ்வளவு, வேலையிடத்தில் கொடுக்கும் பாதுகாப்புக் கவசம் எந்தெந்த அளவில் என்று மற்றவர்கள் வருடக்கணக்கில் அனுபவிக்கப்போகும் விஷயங்கள் அங்கேதான் முடிவாகின்றன. எனக்கு உறுத்துவது அதுதான்.

முதல் கூட்டத்திலேயே இதைக் கேட்டேன். "கதவு திறந்துதானே இருக்கிறது, பெண்கள் பெயர் வருவதில்லையே" என்றார் தலைவர். கெட்ட எண்ணத்தோடு சொன்னதாகத் தெரியவில்லை. நிஜமாகவே அப்படி நம்புகிறார். அப்புறம் விதிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். மனு கொடுக்க வேண்டுமானால் 15 வருடம் இடைவெளி இல்லாமல் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். ஏதாவது ஒரு துணைக்குழுவுக்குத் தலைவராக இருந்திருக்க வேண்டும். முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர்கள் இருவர். மூன்று பேரும் இப்போதைய அல்லது முன்னாள் நிர்வாகக் குழுவினர். அறிவிப்பு வந்த நாளிலிருந்து மனு கொடுக்க 10 நாள் அவகாசம்.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண் உறுப்பினரிடம் பேசினேன். மிகத் திறமையான பொறியாளர். "ஒதுக்கீட்டில் வந்தவள் என்று காலம் முழுக்கச் சொல்வார்கள், எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வதையும் தள்ள முடியவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு எழுத்தில் ஒரு முன்மொழிவு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். ஒதுக்கீடு கேட்பதா, விதித் திருத்தம் கேட்பதா? மற்ற நாடுகளிலும் அமைப்புகளிலும் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பெண்கள் வந்தால் நல்லது என்ற அளவில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். நாலு கேள்வி கேட்டால் நிற்கிற வாதம் எனக்கு வேண்டும்.

பதில் 1

நான் மருந்தியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இரண்டு தொழில்முறை அமைப்புகளில் ஆட்சிக்குழு உறுப்பினராக இருந்திருக்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் விதிகளைப் படித்ததும் ரொம்பப் பழகிய ஊருக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், கதவு திறந்திருக்கிறது என்ற பேச்சு. ஹெர்த்தா அயர்ட்டனைப் பற்றி உங்கள் தலைவரிடம் சொல்லுங்கள். மின்வில் விளக்குகள் ஏன் சீறுகின்றன, ஏன் நிலையில்லாமல் எரிகின்றன என்று ஆராய்ந்து சொன்னவர். 1899-ல் லண்டனில் இருந்த மின்பொறியாளர் கழகம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. 1902-ல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ, அதாவது உறுப்பினர், பதவிக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. சொசைட்டி வக்கீல்களிடம் கருத்துக் கேட்டது. திருமணமான பெண்ணைத் தேர்ந்தெடுக்கச் சாசனத்தில் இடமில்லை என்று பதில் வந்தது, விஷயம் அதோடு நின்றது. 1906-ல் அதே சொசைட்டி அவருக்கு ஹியூஸ் பதக்கம் கொடுத்தது.

இதுவரை பழங்கதை, அன்றைய சட்டம் அப்படி என்று சொல்லிவிடலாம். இனிமேல் சொல்வதுதான் உங்களுக்கு வேண்டியது. 1919-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. பெண் என்பதாலோ திருமணமானவர் என்பதாலோ ஒருவரைத் தொழில் செய்வதிலிருந்தும் சாசனம் பெற்ற சங்கங்களில் சேர்வதிலிருந்தும் விலக்கக் கூடாது என்றது அது. அன்றைக்கே கதவு திறந்தாயிற்று. ராயல் சொசைட்டிக்குள் முதல் பெண்கள், கேத்லீன் லான்ஸ்டேலும் மார்ஜரி ஸ்டீவன்சனும், நுழைந்தது 1945-ல். நடுவில் 26 வருடங்கள். அயர்ட்டன் 1923-லேயே இறந்துவிட்டார். அந்த 26 வருடங்களில் பிரிட்டனில் தகுதியுள்ள ஒரு பெண் விஞ்ஞானிகூட இல்லை என்று யாராவது வாதாட முடியுமா? பெயரை முன்மொழிய வேண்டியவர்கள் ஏற்கனவே உள்ளே இருந்தவர்கள். அவர்கள் எல்லோரும் ஆண்கள். சட்டம் மாறியது, பெயர் எழுதுகிற கை மாறவில்லை.

உங்கள் சங்கத்தில் மூன்று கையெழுத்தும் நிர்வாகக் குழுவினரிடமிருந்தே வர வேண்டும் என்ற விதி அதே வேலையைத்தான் செய்கிறது. யாரும் திட்டமிட்டுத் தடுக்க வேண்டியதில்லை. நமக்குத் தெரிந்தவர், நம்மோடு வேலை பார்த்தவர், மாலையில் நம்மோடு உட்கார்ந்து பேசுகிறவர் என்று பெயர்கள் தாமாக வரும். 10 நாளில் மூன்று கையெழுத்து வாங்க யாரால் முடியும்? அறிவிப்பு வரும் முன்பே விஷயம் தெரிந்தவரால்தான் முடியும். துணைக்குழுத் தலைவர்களை நியமிப்பது யார் என்று பாருங்கள். அதுவும் நிர்வாகக் குழுவாகத்தான் இருக்கும். இடைவெளி இல்லாத 15 வருடம் என்ற விதியில் குழந்தை பெற்றதற்காகவோ, வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததற்காகவோ ஒரு வருடம் சந்தா விட்டுப்போனவர் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். 15 வருடம் மொத்தமாகத் தொழிலில் இருந்தால் போதாதா? இடைவெளி விட்டவருக்குக் கான்கிரீட் மறந்துபோகுமா?

'நாங்கள் தகுதியைத்தான் பார்க்கிறோம்' என்ற பேச்சு நிச்சயம் வரும். அதற்கு ஸ்வீடனில் நடந்ததைக் கையில் வைத்திருங்கள். அங்கே மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் உதவித்தொகைக்கு எப்படி மதிப்பெண் போட்டது என்று கிறிஸ்டின் வென்னராஸ், ஆக்னஸ் வோல்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆவணங்களைச் சட்டப்படி வாங்கிப் பார்த்தார்கள். 1997-ல் 'நேச்சர்' இதழில் முடிவு வெளிவந்தது. ஆணுக்குக் கிடைத்த அதே திறன் மதிப்பெண்ணைப் பெற, பெண்ணுக்குச் சுமார் இரண்டரை மடங்கு ஆராய்ச்சி வெளியீடு தேவைப்பட்டிருந்தது. இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள்: தேர்வுக் குழுவில் ஒருவரோடு தொடர்பு உள்ள விண்ணப்பதாரருக்கு மதிப்பெண் கூடியிருந்தது. பாலினச் சமத்துவத்துக்குப் பெயர் போன நாட்டிலேயே இப்படி. மதிப்பிட்டவர்கள் பொல்லாதவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. எழுதி வைத்த அளவுகோல் இல்லாத இடத்தில் பழக்கம் மதிப்பெண் போடுகிறது, அவ்வளவுதான்.

தொழில்நுட்பக் குழுவைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது மிகச் சரி. என் துறையிலிருந்து ஒன்று சொல்கிறேன். சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை அமெரிக்காவில் 1992-ல் அனுமதி பெற்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு. 2013-ல்தான் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது. பெண் உடலிலிருந்து அந்த மருந்து மெதுவாக வெளியேறுகிறது. காலையில் வண்டி ஓட்டும்போதும் ரத்தத்தில் ஆபத்தான அளவு மிச்சமிருந்தது. அதே அமைப்பு 1977-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களை ஆரம்பக்கட்ட மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கி வைத்தது. 1993-ல்தான் அது திரும்பப் பெறப்பட்டது. குழுவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் எல்லாம் முன்பே சரியாகியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 'இது பெண் உடலில் எப்படி வேலை செய்கிறது' என்று முதல் நாளே கேட்கக்கூடியவர்கள் மேசையைச் சுற்றி இருந்தார்களா என்பது நியாயமான கேள்வி. கவசமும் கையுறையும் படிக்கட்டும் தீர்மானிக்கும் குழுவுக்கு இது அப்படியே பொருந்தும். தரவிதிகளை உருவாக்கும் அமைப்புகள் இதைக் கவனிக்க வேண்டும் என்று ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் 2019-ல் ஒரு பிரகடனமே கொண்டுவந்தது. பல நாடுகளின் தர நிர்ணய அமைப்புகள் கையெழுத்திட்டிருக்கின்றன. உங்கள் முன்மொழிவில் அதை மேற்கோள் காட்டலாம்.

கடைசியாக ஒன்று. நிர்வாகக் குழுவில் இருக்கும் அந்த ஒரு பெண்ணுக்கு விழா ஏற்பாடு போயிருக்கிறது. நான் இருந்த குழுவில் மினிட்ஸ் எழுதும் வேலை எப்போதும் என் பக்கம்தான் நகர்ந்து வரும். மினிட்ஸ் எழுதிக்கொண்டே விவாதத்தில் பேச முடியாது. 2017-ல் லிண்டா பாப்காக்கும் மற்ற மூவரும் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது: பலன் இல்லாத வேலைக்கு யார் கை தூக்குகிறார்கள்? ஆணும் பெண்ணும் கலந்த குழுவில் பெண்கள் சுமார் 50 சதவீதம் அதிகமாகத் தூக்கினார்கள். பெண்கள் மட்டும், ஆண்கள் மட்டும் என்று பிரித்து உட்கார வைத்ததும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆகவே, பெண்களுக்கு அந்த வேலை பிடிக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டாம். அவள் செய்வாள் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள், அவளுக்கும் அது தெரிகிறது. பொறுப்புகளைச் சுழற்சி முறையில் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் நிதிக் குழுவுக்குப் போகும் வழி அதில்தான் திறக்கும்.

பதில் 2

நான் தேர்தல் முறைகளைப் பற்றி ஆய்வு செய்பவன். மேடம் சொன்னதெல்லாம் மனு கட்டத்தைப் பற்றியது. ஒதுக்கீடு கேட்கப் போகிறீர்கள் என்றால் அதை எப்படி எழுதுவது என்று நான் சொல்கிறேன். வேண்டும், வேண்டாம் என்றே சண்டை நடக்கிறது. எழுதிய விதத்தை யாரும் கவனிப்பதில்லை. பலிப்பதும் பலிக்காததும் அங்கேதான்.

பிரான்ஸைப் பாருங்கள். 2000-ல் ஒரே சட்டம், இரண்டு விதமான தண்டனை. உள்ளாட்சித் தேர்தலில் வேட்பாளர் பட்டியலில் ஆணும் பெண்ணும் சமமாக இல்லாவிட்டால் பட்டியலே செல்லாது. 2001-ல் ஓரளவு பெரிய ஊர்களின் மன்றங்களில் பெண்களின் பங்கு பாதியை நெருங்கியது. நாடாளுமன்றத் தேர்தலில் மீறினால் கட்சிக்கு அரசு தரும் நிதியில் ஒரு பகுதி வெட்டு, அவ்வளவுதான். பெரிய கட்சிகள் வெட்டை ஏற்றுக்கொண்டு ஆண்களையே நிறுத்தின. கீழவையில் பெண்கள் 1997-ல் 10.9 சதவீதம், 2002-ல் 12.3. மீறினால் மனுவே செல்லாது என்று எழுதுவதற்கும், வருத்தத்தோடு ஒரு விளக்கம் கொடுத்தால் போதும் என்று எழுதுவதற்கும் உள்ள தூரம் இதுதான்.

துனிசியா 2011-ல் பட்டியலில் ஆணும் பெண்ணும் மாறி மாறி வர வேண்டும் என்று விதித்தது. கேட்பதற்கு மிகக் கடுமையான விதி. ஆனால் முதல் பெயர் யாருடையது என்று சொல்லவில்லை. பெரும்பாலான பட்டியல்களில் முதல் பெயர் ஆண். பல கட்சிகளுக்கு ஒரு தொகுதியில் ஒரு இடம்தான் கிடைத்தது, அந்த இடம் முதல் பெயருக்குப் போனது. பட்டியலில் பாதியாக இருந்தவர்கள் அவையில் பாதியாக வரவில்லை. அர்ஜென்டினா 1991-ல் 30 சதவீதம் என்று எழுதியபோது, ஜெயிக்கக்கூடிய இடங்களில் என்று சேர்த்து எழுதியது. 2000-களின் நடுவில் அங்கே கீழவையில் பெண்கள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினார்கள்.

உங்கள் நிலைமைக்கு நேராகப் பொருந்துவது இந்தியாவின் 2013 கம்பெனிச் சட்டம். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் குறைந்தபட்சம் ஒரு பெண் இருக்க வேண்டும் என்றது. பல நிறுவனங்கள் முதலாளியின் மனைவியையோ உறவினரையோ உட்கார வைத்துக் கணக்கை முடித்தன. பிறகு பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, 2018-ல் விதியை இறுக்கி, 2019 ஏப்ரலிலிருந்து முதல் 500 நிறுவனங்களிலும் அடுத்த ஆண்டு முதல் 1000 நிறுவனங்களிலும் ஒரு சுயேச்சைப் பெண் இயக்குநர், அதாவது முதலாளி குடும்பத்தைச் சேராதவர், கட்டாயம் என்றது. குறைந்தபட்சம் ஒருவர் என்று எழுதினால் பெரும்பாலும் அந்த ஒருவரோடு நின்றுவிடும். உங்களுக்கு ஏற்கனவே அந்த ஒருவர் இருக்கிறார். எனவே எண்ணிக்கையாகக் கேட்காமல் விகிதமாகக் கேளுங்கள், அதையும் நிர்வாகக் குழுவுக்கு மட்டும் கேட்காமல் நிதிக் குழுவுக்கும் தொழில்நுட்பக் குழுவுக்கும் சேர்த்தே கேளுங்கள்.

எண்ணிக்கையையே எல்லாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு ருவாண்டா. 2003 அரசியல் சாசனத்தில் 30 சதவீதம் வைத்தார்கள். 2008-ல் கீழவையின் 80 பேரில் 45 பேர் பெண்கள். உலகிலேயே பெண்கள் பெரும்பான்மையான முதல் நாடாளுமன்றம். பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் அங்கே நாடாளுமன்றத்தைவிட அதிபரின் கையில்தான் அதிகாரம். எந்த மேசையில் முடிவு நடக்கிறதோ அந்த மேசையைப் பார்த்து ஒதுக்கீடு கேட்க வேண்டும்.

பதில் 3

நானும் பெண்தான், தணிக்கைத் துறை. நான் இட ஒதுக்கீட்டை எதிர்க்கிறேன். மற்றவர்கள் எழுதியதை மதித்தே இதைச் சொல்கிறேன்.

நார்வேயில் 2003-ல் சட்டம் வந்தது. பொதுப் பங்கு நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் 40 சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறுவனத்தையே கலைக்கலாம். அதற்கு முன்பு 10 சதவீதம்கூட இல்லை. 2008-க்குள் 40 ஆகிவிட்டது. பிறகு மரியான் பெர்ட்ரான்டும் மற்றவர்களும் விரிவாக ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். குழுவில் புதிதாக வந்த பெண்கள் முன்பு இருந்த பெண்களைவிடத் தகுதியில் மேலானவர்கள் என்று தெரிந்தது. அதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே நிறுவனங்களில் கீழே வேலை பார்த்த மற்றப் பெண்களின் நிலையில் குறிப்பிடும்படியான மாற்றம் எதுவும் தென்படவில்லை. மேலே நாலு பேரை மாற்றினால் கீழே தானாகச் சரியாகும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

என் பயம் வேறொன்று. 15 இடத்தில் 4 இடம் பெண்களுக்கு என்று ஒதுக்கினால் மீதி 11 இடம் ஆண்களுக்கு என்று மனதுக்குள் எழுதிவிடுவார்கள். பொது இடத்துக்கு மனு கொடுக்கும் பெண்ணிடம் 'உங்களுக்குத்தான் தனியாக இடம் இருக்கிறதே' என்பார்கள். அதனால் நாற்காலியை ஒதுக்கச் சொல்லாதீர்கள். வேட்பாளர் பட்டியலுக்கு நிபந்தனை வையுங்கள். உறுப்பினர்களில் பெண்களின் பங்கு எவ்வளவோ, குறைந்தது அந்த அளவு பெண்கள் இல்லாத பட்டியலைத் தேர்தலுக்கு அனுப்பக் கூடாது. பெயர் வரவில்லை என்றால் உங்கள் குழுதான் வெளியே போய்த் தேட வேண்டும். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது உறுப்பினர்கள். அப்படி ஜெயித்து வருகிறவரை யாரும் ஒதுக்கீட்டில் வந்தவர் என்று சொல்ல முடியாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விரிவாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

சங்க அலுவலகத்தில் உறுப்பினர் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மேடம் சொன்னபடிதான். 'இடைவெளி இல்லாமல்' என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு மொத்த வருடங்களை எண்ணினால் தகுதி பெறும் பெண்கள் கணிசமாகக் கூடுகிறார்கள். சில ஆண்களும் கூடுகிறார்கள். வெளிநாட்டில் வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள். இது எனக்குக் கூட்டத்தில் பெரிய உதவியாக இருக்கும். துணைக்குழுத் தலைவர் பதவி நிபந்தனையால் தகுதி பெற்ற பெண் ஒரே ஒருவர்தான், இப்போது குழுவில் இருப்பவர்.

இடத்தை ஒதுக்குவதா, பட்டியலுக்கு நிபந்தனை வைப்பதா என்பதில் தணிக்கைத் துறைத் தோழி சொன்னதன் பக்கம் சாய்கிறேன், குறைந்தபட்சம் முதல் தேர்தலுக்கு. இரண்டு தேர்தலுக்குப் பிறகும் நிர்வாகக் குழுவில் கால் பங்குகூடப் பெண்கள் இல்லையென்றால் இட ஒதுக்கீடு தானாக நடைமுறைக்கு வரும் என்று சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன். தொழில்நுட்பக் குழுவும் நிதிக் குழுவும் நியமனத்தில் வருகிறவை, அதனால் அங்கே நேரடியாக விகிதம் கேட்கலாம்.

இரண்டு விஷயங்கள் இன்னும் தெளிவாகவில்லை. என் சக ஊழியருக்கு நான் என்ன பதில் சொல்வது? அப்புறம், இரண்டு மூன்று பெண்கள் உள்ளே போனாலும் கூட்டத்தில் பேச விடுவார்களா? இப்போது இருப்பவர் பேச ஆரம்பித்தால் பாதியில் யாராவது எடுத்துக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

பதில் 1

உங்கள் சக ஊழியரின் பயம் உண்மையான பயம். அதைச் சமாதானப் பேச்சால் மூடாதீர்கள். மேற்கு வங்கத்தில் ஊராட்சித் தலைவர் பதவி ஒதுக்கீடு சுழற்சியில் எந்த ஊருக்கு வரும் என்பது முன்கூட்டி முடிவாவதில்லை. அதனால் ஒதுக்கீடு வந்த ஊரையும் வராத ஊரையும் ஒப்பிட்டு ஆராய முடிந்தது. எஸ்தர் டுஃப்லோவும் ரகபேந்திர சட்டோபாத்யாயும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், பெண்கள் தலைவரான ஊராட்சிகளில் குடிநீருக்குச் செலவு கூடியிருந்தது. கிராமப் பெண்கள் அதிகமாகக் கேட்டது குடிநீரைத்தான். ஆனால் 2009-ல் வந்த அடுத்த ஆய்வைப் பாருங்கள். முதல் தடவை வந்த பெண் தலைவர்களை, அவர்கள் செய்த வேலைக்குக் கிடைக்க வேண்டியதைவிடக் குறைவாகவே ஊர் மதிப்பிட்டது. அதாவது உங்கள் சக ஊழியர் சொல்வது அப்படியே நடந்தது. இரண்டு தடவை பெண் தலைமையைப் பார்த்த ஊர்களில் என்ன ஆனது தெரியுமா? அந்தப் பாகுபாடு பெருமளவு குறைந்தது. ஒதுக்கீடு இல்லாத தேர்தலிலும் பெண்கள் அதிகமாக நின்றார்கள், ஜெயித்தார்கள். முதலில் போகிறவருக்குப் பாரம் அதிகம், அதனால் ஒருவரைத் தனியாக அனுப்பாதீர்கள். மூன்று நாலு பேராகப் போகட்டும், அவரையும் அப்படிக் கூப்பிடுங்கள்.

தகுதி குறைந்துவிடும் என்று யாராவது ஆரம்பித்தால் இதைச் சொல்லுங்கள். ஸ்வீடனில் சமூக ஜனநாயகக் கட்சி 1993-ல் தன் பட்டியல்களில் ஆண், பெண் மாறி மாறி வர வேண்டும் என்று முடிவெடுத்தது. பெஸ்லி, ஃபோல்கே, பெர்ஸன், ரிக்னே என்ற நால்வர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், அதன் பிறகு அந்தக் கட்சியின் ஆண் பிரதிநிதிகளின் திறமை கூடியது தெரிந்தது. இடம் குறைந்ததும் சுமாரான ஆண்கள் வெளியேறினார்கள், நல்லவர்கள் நின்றார்கள்.

பேச விடுவார்களா என்பதற்குத் தனிமனித தைரியத்தை நம்ப வேண்டாம், நடைமுறையை மாற்றுங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் பெண் நீதிபதிகளைவிடவா அதிகாரம் உள்ள பெண்கள் வேண்டும்? அவர்களையே சக ஆண் நீதிபதிகள், ஆண்களை இடைமறிப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இடைமறித்தார்கள் என்று 2017-ல் ஓர் ஆய்வு காட்டியது. 2021-ல் அந்த நீதிமன்றம் வாதத்தின் முறையையே மாற்றி, ஒவ்வொரு நீதிபதியும் வரிசைப்படி கேள்வி கேட்க நேரம் ஒதுக்கியது. அந்த மாற்றத்துக்கு ஆய்வும் ஒரு காரணம் என்று நீதிபதி சோனியா சோட்டோமேயரே பொதுவில் சொன்னார். உங்கள் கூட்டத்திலும் முக்கியமான விஷயம் ஓட்டுக்குப் போகும் முன் ஒரு சுற்று, ஒவ்வொருவரும் இடையூறு இல்லாமல் பேசட்டும். தலைவர் கடைசியில் பேசட்டும். பெண்கள் சிறுபான்மையாக உள்ள குழுக்களில், பெரும்பான்மை ஓட்டு என்றால் அவர்கள் தங்கள் பங்கைவிடக் குறைவாகப் பேசுகிறார்கள். எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி இருந்தால் அந்த இடைவெளி சுருங்குகிறது என்று கார்போவிட்ஸும் மெண்டெல்பர்க்கும் 2012-ல் காட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒருமனதாக முடிக்க முடியாது, தெரியும். தொழில்நுட்பக் குழு அரசுக்கு அனுப்பும் கருத்துக்கு மட்டுமாவது மாறுபட்ட கருத்தையும் இணைத்து அனுப்ப வேண்டும் என்று கேளுங்கள்.

தானாக நடைமுறைக்கு வரும் ஒதுக்கீடு நல்ல யோசனை. இப்போதே எழுதிவிடுங்கள். இரண்டு தேர்தல் கழித்து வேறு ஆட்கள் இருப்பார்கள், மறுபடி முதலிலிருந்து வாதாட வேண்டியிருக்கும்.

பதில் 3

கால் பங்கு வராவிட்டால் ஒதுக்கீடு என்பதற்கு நானும் ஒத்துக்கொள்கிறேன், அது எப்போது முடியும் என்றும் எழுதினால். உலகின் பெரும்பாலான நாடுகள் ஏற்றுக்கொண்ட ஐ.நா.வின் பெண்கள் உரிமை உடன்படிக்கையே, 1979-ல் வந்தது, இதைத் தற்காலிகச் சிறப்பு நடவடிக்கை என்றுதான் சொல்கிறது. நோக்கம் நிறைவேறியதும் நிறுத்த வேண்டும் என்கிறது. மூன்றில் ஒரு பங்கை இரண்டு தேர்தலில் தொடர்ந்து எட்டினால் ஒதுக்கீடு விலகும் என்று ஒரு வரி போடுங்கள். எதிர்ப்பவர்களில் பாதிப் பேர் அந்த வரியைப் பார்த்தே சமாதானமாவார்கள்.

தணிக்கைக்காரியாக இன்னொன்று. வருடா வருடம் எத்தனை பேர் மனு கொடுத்தார்கள், எத்தனை பேர் பட்டியலுக்கு வந்தார்கள், எந்தக் குழுவில் யார் என்று ஆண், பெண் பிரித்து ஆண்டறிக்கையில் அச்சிட வேண்டும் என்று கேளுங்கள். செலவு இல்லாத விஷயம், யாரும் மறுக்க முடியாது. ஐந்து வருடம் கழித்து உங்கள் இடத்தில் உட்காரும் பெண் பதிவேட்டைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

கேள்வி கேட்டவர்

இரண்டையும் சேர்த்துவிட்டேன். முன்மொழிவு இப்போது ஆறு திருத்தங்களாக நிற்கிறது: மொத்த வருடக் கணக்கு, துணைக்குழுத் தலைவர் நிபந்தனை நீக்கம், எந்த உறுப்பினரும் முன்மொழியலாம், மனுவுக்கு 45 நாள், பட்டியல் நிபந்தனையோடு பின்னால் வரும் ஒதுக்கீடு, ஆண்டறிக்கை. நியமனக் குழுக்களின் விகிதமும் பொறுப்புச் சுழற்சியும் பேசும் முறையும் தனித் தீர்மானமாக வருகின்றன. அவற்றுக்கு விதித் திருத்தம் தேவையில்லை. ஆறையும் ஒரே ஓட்டாக வைப்பதா?

பதில் 1

வேண்டாம். தனித்தனியாக ஓட்டுக்கு விடச் சொல்லுங்கள். ஒன்றாக வைத்தால் ஒதுக்கீட்டைக் காட்டி எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்கள். முதலில் மொத்த வருடக் கணக்கை வையுங்கள். வெளிநாடு போய் வந்த ஆண்களும் உங்களோடு சேர்வார்கள். அடுத்து 45 நாள், அடுத்து முன்மொழியும் உரிமை. ஒதுக்கீட்டைக் கடைசியில் வையுங்கள். யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்பது பெயரோடு மினிட்ஸில் ஏற வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள். அந்த மினிட்ஸை நீங்கள் எழுதாதீர்கள்.